பலகையில் இருக்கும் குதிரை

1

இந்தக் கதைக்கு ஒரு குதிரை தேவைப்பட்டது. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

நான் வேலை செய்யும் லாயத்தில் குதிரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. உரிமையாளர்கள் படிக்கத் தெரிந்தவர்கள். சென்ற ஆண்டு ஒரு கதையில் மூன்றாம் அறைக் குதிரையின் பற்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். அதன் உரிமையாளர் பல் மருத்துவரின் சான்றிதழோடு வந்து நின்றார். குதிரைப் பல் மருத்துவர்.

எனவே யாருக்கும் சொந்தமில்லாத குதிரை ஒன்றை உருவாக்கினேன். காலியாக இருந்த ஒன்பதாம் அறையில் அதை விட்டேன். காகிதத்தில்தான். வரி இது:

9. கர்னல். கறுப்பு. காயடித்தது. ஓட்ஸ் இரண்டு டப்பா. குதிரைமசால் ஒரு கட்டு. மழையில் வெளியே விட வேண்டாம்.

மறுநாள் காலை இந்த வரி லாயத்தின் பலகையில் இருந்தது.

[காகிதத்திலிருந்து பலகைக்கு வரி எப்படிப் போனது என்று இங்கே விளக்க வேண்டும். மூன்று விளக்கங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நடந்ததைவிட நம்ப முடியாதவை. அடைப்புக்குறியை மூடுகிறேன்.]

2

முதல் தொடக்கம்: "வார்விக்கிலிருந்து கிழக்கே போகும் சாலையில், ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடதுபக்கம்" – வேண்டாம். இது வழி கேட்பவர்களுக்குச் சொல்வது.

இரண்டாம் தொடக்கம்: "குதிரைகள் மனிதர்களைவிட" – இப்படித் தொடங்கும் எதையும் நான் படிப்பதில்லை.

மூன்றாம் தொடக்கம்: "நோலீன் பலகையின் முன் நின்றார்." இதை வைத்துக்கொள்கிறேன்.

நோலீன் எங்கள் லாயத்தின் பொறுப்பாளர். அறுபதை நெருங்குபவர். பலகை தீவன அறையின் சுவரில் இருக்கிறது. வெள்ளைப் பலகை. அறைக்கு ஒரு வரி. தீவனம் நீலத்தில், மருந்து சிவப்பில், லாடம் பச்சையில். வரியின் முடிவில் எழுதியவரின் கையொப்பம். கடைசிக் கட்டத்தில் உரிமையாளரின் பெயர். மாலையில் நோலீன் அனைத்தையும் பேரேட்டில் ஏற்றுவார்.

விதி ஒன்றுதான். எழுதியவரே அழிக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது.

இந்த விதிக்குக் காரணம் நோலீனின் சொந்தக் குதிரை. அதன் வரியில் "தானியம் வேண்டாம்" என்று சிவப்பில் இருந்தது. யாரோ ஈர ஜாக்கெட்டோடு பலகையில் சாய்ந்தார்கள். சிவப்பு போய்விட்டது. அன்று குதிரைக்குத் தானியம் வைக்கப்பட்டது. மருத்துவர் வருவதற்குள் அது படுத்துவிட்டது. பிறகு எழவில்லை. ஜாக்கெட் யாருடையது என்று நோலீன் யாரையும் கேட்கவில்லை. விதியை எழுதினார். கையொப்பமிட்டார்.

அவர் பலகையின் முன் நின்றார்.

"யாரு கர்னல்?"

"ஒம்பதுல போட்டிருக்கே," என்றான் ட்ரெவர். காலைத் தீவனம் அவன் வேலை. ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஒம்பதுல யாரும் இல்லையேடா."

"இப்ப இல்ல. வந்துக்கிட்டு இருக்கோ என்னமோ."

"கையெழுத்தும் இல்ல. உரிமையாளர் பேரும் இல்ல."

"அழிச்சிரவா?"

நோலீன் அவனைப் பார்த்தார். ட்ரெவர் தூக்கிய கையை இறக்கித் தேநீரைப் பிடித்துக்கொண்டான்.

"எழுதினவங்க வர்ற வரைக்கும், போட்டிருக்கறபடி செய்," என்றார் நோலீன்.

3

ட்ரெவர் போட்டிருந்தபடி செய்தான். ஒன்பதாம் அறையின் தொட்டியில் இரண்டு டப்பா ஓட்ஸ் கொட்டினான். குதிரைமசால் புல்கட்டைப் பிரித்து வைத்தான். வாளியில் தண்ணீர் நிரப்பினான். கதவைச் சாத்தினான். பழக்கத்தில் "பையப் பைய" என்றும் சொன்னான்.

மதியம் அறைகளைக் கூட்டுவது என் வேலை. பார்த்ததை மட்டும் பலகையில் எழுத வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது. [எழுத்தாளனாக எனக்கு இது நல்ல பயிற்சி.] நான் பார்த்தது: தீவனம் வைத்தபடி இருக்கிறது. சிவப்பில் எழுதினேன்: கர்னல் சாப்பிடவில்லை. கையொப்பமிட்டேன்.

அடுத்த நாளும் அதையே எழுதினேன்.

ட்ரெவர் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.

"சாணி போட்டுச்சா?"

"இல்ல."

"நேத்து?"

"நேத்தும் இல்ல."

அவன் முகம் மாறியது. லாயத்தில் இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. குதிரை கடிக்கலாம், உதைக்கலாம், வேலியைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கேரட்டைத் தின்னலாம். சாணி போடாமல் இருக்கக் கூடாது. சாணி நின்றால் குடல் சிக்கியிருக்கிறது என்று பொருள்.

"ஏம்ப்பா, இத ரெண்டு நாளா மனசுல வச்சிக்கிட்டு இருந்தியா? நோலீன், டாக்டரக் கூப்பிடுங்க."

"ட்ரெவர்," என்றேன், "குதிரை இல்ல."

"அதுக்காக விட்டுற முடியுமா?"

டாக்டர் ஹேமிஷ் வந்தார். இளைஞர். சேறு படிந்த பூட்ஸோடு ஒன்பதாம் அறைக்குள் போனார். சிறிது நேரம் நின்றார்.

"எங்க அது?"

"காலையில இருந்துச்சு," என்றான் ட்ரெவர்.

"எங்க இருந்துச்சு?"

"பலகையில."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் தன் பதிவேட்டைத் திறந்து எழுதினார். பிறகு அதை நோலீன் பலகையில் படி எடுத்தார்: "பரிசோதனையின்போது குதிரை அறையில் இல்லை. நடமாட்டம் இருப்பதாகத் தெரிகிறது. நல்ல அறிகுறி."

ட்ரெவர் பெருமூச்சு விட்டான்.

லாடம் அடிக்கும் டாரல் அந்த வாரம் வந்து, வரிசையாக எல்லா அறைகளுக்கும் பச்சையில் குறியிட்டுக்கொண்டே போனார். ஒன்பதாம் அறைக்கும் போட்டார்.

"இவன் எப்பிடி, அண்ணே?" என்று கேட்டேன்.

"யாரு, கர்னலா? தங்கம். கால் தூக்கறதுல ஒரு தொந்தரவு கிடையாது."*

* மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு: இந்த நாட்டில் பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் ஆகஸ்ட் ஒன்றாம் தேதிதான் பிறந்தநாள். ஜூலை முப்பத்தொன்றில் பிறந்த குட்டிக்கு, பதிவுப்படி, மறுநாள் காலை ஒரு வயது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை.

4

இந்த இடத்தில் நோலீன்மீது எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படி ஒருவர் இருப்பாரா? விதி தெரியும், குதிரை இல்லை என்பதும் தெரியும். நியாயமான மனிதர் துணியை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்திருப்பார்.

ஒரு வரைவில் அவரை நீக்கிவிட்டு எழுதினேன். நான்காம் அறைக் குதிரையின் மருந்து ஐந்தாம் அறைக்குப் போனது. இரண்டு போர்வைகள் ஒரே குதிரையின்மேல் ஏறின. ட்ரெவர் ஒவ்வொரு குதிரையிடமும் போய் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். குதிரைகள் எல்லாம் இல்லை என்றன.

நோலீனைத் திரும்ப வைத்தேன்.

5

மழை விடவில்லை. ஓடை கரையைத் தாண்டியது.

லோர்னா வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அவருக்கு ஒரே ஒரு குதிரை. பெயர் மேபல். பழுப்புநிறப் பெண்குதிரை, நிறைசினை. ஓடைக்கரையில் லோர்னா வாடகைக்கு எடுத்திருந்த மேய்ச்சல் நிலத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. பக்கத்து லாயங்கள் நிரம்பிவிட்டன. இடமிருந்த ஒன்றும், ஈனப்போகும் குதிரை வேண்டாம் என்றுவிட்டது. மேபல் இப்போது வாசலில், குதிரை ஏற்றிவரும் டிரெய்லருக்குள் நின்றாள். டிரெய்லரில் குதிரை நிற்கலாம். படுக்க முடியாது. படுக்காமல் ஈனுவது ஆபத்து.

[இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. இல்லாத குதிரையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அதன் அறை ஓர் உண்மையான குதிரைக்குத் தேவைப்படும் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கர்னலை மேய்ச்சலில் விட்டிருப்பேன்.]

"ஒம்பது காலியாத்தானே இருக்கு நோலீன்."

"கர்னல் இருக்கு."

லோர்னா போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எங்க இருக்கு?"

"அதுக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல."

"நோலீன், உள்ள ஒண்ணுமே இல்லம்மா."

"தெரியும்."

"அப்பறம்?"

நோலீன் குரலை உயர்த்தவில்லை. "என் குதிரைக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும் லோர்னா. ஒரு வரி போச்சு, அதுவும் போச்சு. இன்னைக்கி நான் கண்ணால பாத்தத நம்பி அழிச்சா, நாளைக்கி ட்ரெவரும் கண்ணால பாத்தத நம்பி அழிப்பான்."

"அதுல என்ன தப்பு?"

"அவன் கண்ணு அவ்ளோ நல்லால்ல."

"எனக்கு இங்க வரைக்கும் கேக்குது," என்றான் ட்ரெவர், ஓட்ஸ் மூட்டைக்குப் பின்னாலிருந்து.

"அப்ப என் மேபல் தண்ணியில நின்னுக்கிட்டு ஈனணுமா?"

நோலீன் தவிட்டு மூட்டையை அவிழ்த்தார். வெந்நீரில் தவிடு கரைத்து, வாளியைத் தானே தூக்கிக்கொண்டு மழையில் டிரெய்லருக்குப் போனார். மேபல் குடிக்கும்வரை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தக் கதையில் அவரை வெறுக்க முடியாமல் செய்வது இதுதான். நான் சேர்க்கவில்லை. அவராகப் போனார்.

6

நோலீன் நனைந்து திரும்பியதும் சொன்னேன்.

"அந்த வரி என்னோடது. நான் அழிச்சிடறேன்."

அவர் மார்க்கரை நீட்டினார். "ஓரத்துல எழுதிக் காட்டு."

எழுதினேன். 9. கர்னல். கறுப்பு. இருவரும் இரண்டையும் பார்த்தோம். பலகையில் இருந்த எழுத்து இடப்பக்கம் சாய்ந்தது. என்னுடையது நிமிர்ந்து நின்றது. அந்த ஒன்பதுக்கு நீண்ட வால். என்னுடையதற்கு வாலே இல்லை.

"இது உன் கை இல்ல."

"நோலீன், கர்னலயே நான்தான் உண்டாக்கினேன்."

"குதிரைய உண்டாக்க இன்னொரு ரெண்டு குதிரை வேணும்."

"கதைக்காக."

"நல்ல மனசுடா உனக்கு. லோர்னாவுக்காகப் பழிய உன் தலையில போட்டுக்கற. இப்ப ஓரத்துல எழுதினியே, அதத் தொடச்சிடு. அது உன் கை. அப்பறம் போய் மூணாம் ரூமக் கூட்டு, எழுத்தாளரே."

நான் எழுதியதைத் துடைத்தேன். சட்டைப் பையிலிருந்து கைப்பிரதியை எடுத்தேன். கர்னலின் வரியைக் குறுக்கே அடித்தேன். பலகையைப் பார்த்தேன். வரி அங்கேயே இருந்தது.

7

மேபல் டிரெய்லரில் காலை மாற்றி மாற்றி நிற்கும் சத்தம் கேட்டது. நான் மூன்றாம் அறையைக் கூட்டிக்கொண்டே முடிவுகளை யோசித்தேன்.

(அ) கர்னல் இறந்துவிடுகிறது. நோலீன் உடலைக் கேட்பார். புதைக்க ஊராட்சியின் அனுமதி வேண்டும். ட்ரெவர் அழுவான். குழி வெட்டுவதற்குள் –

(ஆ) கர்னல் திருடு போகிறது. காவல்துறை அடையாளம் கேட்கும். டாரல் கொடுப்பார்.

(இ) கர்னல் ஓடிவிடுகிறது. எல்லாரும் கயிறும் விளக்குமாக மழையில் தேடப் போவார்கள். மேபல் டிரெய்லரில் தனியாக –

நான் எழுதும் ஒவ்வொரு வரியிலும் கர்னல் இன்னும் கொஞ்சம் கனத்தது. நிறுத்தினேன்.

லோர்னா எனக்காகக் காத்திருக்கவில்லை. பலகையின் முன் நின்று படித்துக்கொண்டிருந்தார். முப்பது குழந்தைகளின் சத்தத்துக்கு நடுவே சாலையைப் பார்த்துப் பழகியவர்.

"உரிமையாளர் கட்டம் காலியா இருக்கு," என்றார்.

"ஆமா," என்றார் நோலீன்.

"காலியா இருக்கறதுல எழுதலாமா?"

நோலீன் யோசித்தார். "அழிக்கத்தான் கூடாது."

லோர்னா தன் பெயரை எழுதினார். கையொப்பமிட்டார்.

"இனிமே கர்னல் என்னுது. என் குதிரையப் பத்தி நான் சேத்து எழுதலாம் இல்ல?"

"உரிமையாளர் சேக்கலாம்."

லோர்னா எழுதி முடித்து நகர்ந்தார். வரி இப்போது இப்படி இருந்தது:

9. கர்னல். கறுப்பு. காயடித்தது. ஓட்ஸ் இரண்டு டப்பா. குதிரைமசால் ஒரு கட்டு. மழையில் வெளியே விட வேண்டாம். பழுப்பு. பெண். நிறைசினை. டிரெய்லரில் நிற்கிறது. உள்ளே கொண்டுவரவும்.

நோலீன் இரண்டு முறை படித்தார். விரலால் தொடாமல், காற்றில் ஒவ்வொரு சொல்லாகக் கடந்தார்.

"ஒண்ணும் அழியல," என்றார். தோள்கள் இறங்கின. "ட்ரெவர். கர்னல எறக்கு."

ட்ரெவர் இறக்கினான். மேபல் ஒன்பதாம் அறைக்குள் வந்தாள். இரண்டு டப்பா ஓட்ஸையும் தின்றாள். நான் கூட்டப் போனபோது ட்ரெவர் எனக்கு முன்பே அங்கே நின்று தரையைக் காட்டினான்.

"பாத்தியா? போட்டிருக்கு."

சிவப்பில் எழுதினேன்: கர்னல் சாப்பிட்டது. சாணி போட்டது.

"டாக்டர் சொன்னாரே, நல்ல அறிகுறின்னு," என்றான் ட்ரெவர்.

கதையை இங்கே முடித்திருக்கலாம். முடித்தும் வைத்திருந்தேன். லோர்னா கதவுமேல் சாய்ந்து குதிரையின் நெற்றி மயிரை ஒதுக்கி, யாருக்கும் கேட்காமல் "மேபல்" என்று கூப்பிட்டார் என்று ஒரு கடைசி வாக்கியம். அடக்கமான வாக்கியம்.

8

குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். மேபல் மறுநாள் மதியம் படுத்தாள்.

முதலில் ஒரு குளம்பு வெளியே வந்தது. பிறகு மூக்கு. இரண்டாவது குளம்பு வரவில்லை. இரண்டு முன்கால்களும் மூக்கும் சேர்ந்து வந்தால்தான் குட்டி வரும். ஒரு கால் உள்ளே மடங்கியிருந்தால் குட்டியும் போகும், தாயும் போகலாம். நேரம் அதிகம் இருக்காது.

நோலீன் தொலைபேசியில் மருத்துவமனையைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கைகளை முழங்கைவரை கழுவத் தொடங்கினார். டாக்டரின் அலுவலகப் பெண் பேசினாள்.

"எந்தக் குதிரைங்க?"

"ஒம்பதாம் ரூம். கர்னல். ஈனறதுல சிக்கல்."

விசைகளைத் தட்டும் சத்தம்.

"கர்னல் காயடிச்சதுன்னு இருக்குங்களே."

"அதுக்குக் கீழ பாரும்மா."

"கீழ, குதிரை அறையில் இல்லைன்னு இருக்கு."

"அதுக்கும் கீழ."

"அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லங்க. நீங்க வேற குதிரையச் சொல்றீங்களோ? இன்னைக்கி வெள்ளத்துல டாக்டருக்கு நெறைய அழைப்பு. பதிவுல இருக்கற குதிரைக்கு மொதல்ல –"

அறைக்குள்ளிருந்து லோர்னாவின் குரல் வந்தது. "நோலீன். அவ முக்கறா. கால் வரல."

நோலீன் குழாயை மூடினார். பலகையைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு தொலைபேசியை நோக்கி, அதுவரை நான் கேட்டிராத குரலில் பேசினார்.

"இந்தா பாரும்மா. அந்தப் பதிவு கெடக்கட்டும். கர்னல்னு ஒரு குதிரையே கெடையாது. எப்பவும் கெடையாது. லோர்னாவோட மேபல் ஈனறா, குட்டியோட கால் உள்ள மடங்கிக் கெடக்கு. டாக்டர அனுப்பு."

அந்தப் பக்கம் தொலைபேசி கை மாறியது. பிறகு டாக்டர் ஹேமிஷின் குரல். "மேட்டுப் பாதை வழியா வர்றேன் நோலீன். அதுவரைக்கும் அவள எழுப்பி நடக்க விடுங்க. முக்க விடாதீங்க. நிறுத்தாம நடத்துங்க."

ட்ரெவர் என் பக்கத்தில் நின்றிருந்தான். "இல்லவே இல்லையா?" என்றான் மெதுவாக.

"வருத்தம் அப்பறம் படலாம்," என்றார் நோலீன். "பின்னால போய் நின்னு தள்ளு."

அவர்கள் உள்ளே ஓடினார்கள். நான் கைப்பிரதியோடு தீவன அறையில் நின்றேன். முடிவை எழுத வேண்டிய இடம் இது. எழுதினேன்: "குட்டி நல்லபடியாக"

"என்ன எழுதற?" லோர்னா அறைக் கதவிலிருந்து தலையை நீட்டினார். கன்னத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"குட்டி நல்லபடியா பொறந்துச்சுன்னு."

"அடி அத."

"நடக்கலாம் லோர்னா. கர்னல எழுதினேன், வந்துச்சு."

"கர்னல் வரல. நாங்கதான் வாளி வாளியாச் சொமந்தோம்." அவர் கதவை முழுதாகத் திறந்தார். "அவள எழுப்ப ஆள் பத்தல. நானூத்தம்பது கிலோ. வந்து தலைக்கயிறப் பிடி."

அடித்தேன்.

9

நான் உள்ளே போகிறேன். கைப்பிரதியை ஓட்ஸ் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போகிறேன். மேபல் எழுந்துவிட்டாள் என்று சத்தத்திலிருந்து தெரிகிறது. இனி நடக்கப்போவதை என்னால் எழுத முடியாது, கையில் கயிறு இருக்கும்.

தீவன அறையில் இப்போது நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். அங்கிருந்தே ஒன்பதாம் அறை தெரியும். கதவு திறந்திருக்கிறது. டாக்டரின் வண்டி வந்ததும் அவர் முதலில் உங்களிடம்தான் வருவார். இரண்டாவது கால் வந்துவிட்டதா என்று கேட்பார்.

எட்டிப் பார்த்து, பார்த்ததை வாயால் சொல்லுங்கள். மார்க்கரைத் தொடாதீர்கள்.